ஒரு நிமிட மௌனமும் ஒரு வாரக் கேம்ப்பும்

ஏப்ரல் மாதம், இரண்டாம் டெர்ம் தொடங்கிய வாரம். சின்னவளின் பள்ளிப்பையிலிருந்து ஒரே நாளில் இரண்டு தாள்கள் வந்தன. முதல் தாள், வெள்ளிக்கிழமை காலை நடக்கப்போகும் ஆன்சாக் தின அசெம்ப்ளி பற்றியது. குடும்பத்திலோ சொந்த ஊரிலோ போர் சம்பந்தப்பட்ட கதை ஏதாவது இருந்தால் பிள்ளைகள் மேடையேறிப் பகிர்ந்துகொள்ளலாம் என்று டீச்சர் எழுதியிருந்தார். இரண்டாவது தாள், அடுத்த வாரம் சோமர்ஸ் முகாமுக்குப் போகும் ஐந்தாம் வகுப்புக்கானது. ரெயின்கோட், டார்ச், நனைந்தாலும் பரவாயில்லாத பழைய ஷூ என்று நீளமாக ஒரு பட்டியல்.

"அப்பா, நம்ம வீட்ல யாராவது சண்டைக்குப் போயிருக்காங்களா?"

"இல்லம்மா. நம்ம வீட்ல எல்லாரும் காட்டு வேலைதான்."

அவள் முகம் சுருங்கிவிட்டது. வகுப்பில் ஒருத்தி கொள்ளுத்தாத்தாவின் மெடலைக் கொண்டுவரப் போகிறாளாம். இன்னொருவன் வீட்டில் பழைய கடிதமே இருக்கிறதாம். இவளிடம் ஒன்றும் இல்லை.

நாங்கள் மெல்போர்னுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அதுவரை ஆன்சாக் தினம் எனக்கு ஒரு லீவு நாள், பேக்கரியில் ஆன்சாக் பிஸ்கட், அவ்வளவுதான். (ஓட்ஸும் தேங்காய்த் துருவலும் கோல்டன் சிரப்பும் போட்டு முட்டையில்லாமல் செய்வது. நம்ம நாக்குக்கு ரொம்பவே ஒத்துப்போகும்.) மகளுக்கு ஏதாவது கிடைக்குமா என்று அன்றைக்கு ராத்திரி லேப்டாப்பைத் திறந்தவன் ஒரு மணி வரை மூடவில்லை. அவளுக்கான கதையும் கிடைத்தது, அதற்கு முன்னால் வேறொன்றும் கண்ணில் பட்டது. இந்த இரண்டு தாள்களும் ஒரே பையில் வந்தது தற்செயல். ஆனால் அசெம்ப்ளியும் கேம்ப்பும் பிறந்தது ஏறக்குறைய ஒரே வீட்டில்.

அசெம்ப்ளியின் கதை

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஆன்சாக் என்பது ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைப்பிரிவின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துகள். 1915 ஏப்ரல் 25 விடியற்காலையில் இந்தப் படை துருக்கியின் கலிப்போலி தீபகற்பத்தில் கரையிறங்கியது. எட்டு மாதம் செங்குத்தான மேட்டுச் சரிவுகளில் ஒட்டிக்கொண்டு கிடந்துவிட்டு, எதையும் பிடிக்காமல் டிசம்பரில் பின்வாங்கியது. ஆஸ்திரேலியர் 8,000 பேருக்கு மேல், நியூசிலாந்துக்காரர் 2,700 பேருக்கு மேல் செத்தார்கள். சொந்த மண்ணைக் காத்த துருக்கியர் தரப்பில் இழப்பு இதைப்போலப் பல மடங்கு.

தோற்ற சண்டையை ஒரு நாடு தன் பெரிய நாளாக வைத்திருப்பது முதலில் எனக்கு வினோதமாகத்தான் இருந்தது. எண்களைப் பார்த்தபிறகு புரிந்தது. அப்போது ஆஸ்திரேலியாவின் மக்கள்தொகை 50 லட்சத்துக்கும் குறைவு. முதல் உலகப்போர் முழுவதுமாகச் சேர்ந்தவர்கள் 4 லட்சத்துக்கு மேல், திரும்பாதவர்கள் ஏறத்தாழ 60,000 பேர். பெரும்பாலும் உடலும் வரவில்லை, அங்கேயே புதைத்தார்கள். கருமாதி செய்ய உடல் இல்லாத ஊர்கள், ஊருக்கொரு கல் நட்டு அதைச் சுற்றி நின்றன. இன்றைக்கும் விக்டோரியா மாநிலத்தில் எந்தச் சின்ன ஊருக்குக் காரில் போனாலும் கடைவீதியில் பெயர் வெட்டிய அந்தத் தூணைப் பார்க்கலாம். ஒரே வீட்டுப்பெயர் மூன்று தடவை வந்திருந்தால் அண்ணன் தம்பிகளாக இருக்கும்.

பள்ளி அசெம்ப்ளி அந்தச் சடங்கின் சின்ன வடிவம். கொடி பாதிக் கம்பத்தில் நிற்கும். சட்டையில் ரோஸ்மேரி தளிர் குத்திக்கொள்வார்கள். அந்தச் செடி கலிப்போலி மேட்டில் காடாக வளர்வது. லாஸ்ட் போஸ்ட் என்ற பியூகிள் இசை, முகாமில் நாள் முடிந்தது என்று அறிவிக்க ராணுவம் ஊதியது. பிறகு மௌனம். இப்படி நாடு முழுக்க மௌனமாக நிற்கலாம் என்று 1919-ல் லண்டன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவர்களில் ஒருவர் எட்வர்ட் ஜார்ஜ் ஹனி, மெல்போர்ன்காரர்.

பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை எப்போதும் சிம்சனும் கழுதையும்தான். காயம்பட்டவர்களைக் கழுதைமேல் ஏற்றிக் கொண்டுவந்த ஜான் சிம்சன் கிர்க்பாட்ரிக், மூன்றரை வாரத்தில், மே 19 அன்று சுடப்பட்டு இறந்தார். கதைப் புத்தகங்களில் பெரும்பாலும் வராத ஒரு விஷயம், அவர் தன் கழுதையோடு போய்த் தங்கியது இந்திய மலைப் பீரங்கிப் படையின் கோவேறு கழுதைக் கொட்டிலில். ஏப்ரல் 25 அன்றே ஆன்சாக் கரையில் இறங்கிய இந்தியர்கள் அவர்கள். கலிப்போலி முழுவதும் சேர்த்தால் இந்தியர் சுமார் 15,000 பேர் இருந்தார்கள். ஆனால் அவர்கள் பெரும்பாலும் பஞ்சாபிகள், கூர்க்காக்கள். "இந்தியன்" என்ற பொதுப்பெயரில் மகளிடம் இதைக் கொடுத்து அனுப்பலாம்தான். வேறொருவர் வீட்டு மெடலை நாங்கள் குத்திக்கொள்வது போலத் தோன்றியதால் விட்டுவிட்டேன்.

பென்னி சேர்த்த பிள்ளைகள்

போருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உள்ள உறவு 1915-க்கு முன்பே தொடங்கிவிட்டது. 1911-லிருந்து ஆஸ்திரேலியாவில் பையன்களுக்குக் கட்டாயப் படைப்பயிற்சி. 12 வயதிலிருந்து 14 வரை ஜூனியர் கேடட், அது பெரும்பாலும் பள்ளியிலேயே. 14-லிருந்து 18 வரை சீனியர் கேடட். வராவிட்டால் கேஸ். போர் தொடங்குவதற்குள் பல்லாயிரம் வழக்குகள் பையன்கள் மேல் போடப்பட்டன, சிலரை ராணுவக் கோட்டைகளில் அடைத்தும் வைத்தார்கள். சின்னக் கணக்குதான்: 1911-ல் 16 வயதில் டிரில் செய்தவனுக்கு 1915-ல் 20 வயது.

படைக்குப் போக வயது போதாத பிள்ளைகளும் சும்மா இல்லை. விக்டோரியாவின் அரசுப் பள்ளிகள் போர் நிவாரண நிதி ஒன்று தொடங்கின. காய்கறி பயிரிட்டு விற்றும், பாட்டில் பொறுக்கியும், சாக்ஸ் பின்னியும் பிள்ளைகள் சேர்த்துக் கொடுத்தது 4 லட்சம் பவுண்டுக்கு மேல். இன்றைய மதிப்புக்கு மாற்றாமலேயே மலைக்க வைக்கும் தொகை.

அந்தப் பணத்தில் ஒரு பங்கு போன இடம்தான் எனக்குப் பிடித்த கதை. பிரான்ஸில் வில்லேர் பிரெத்தொன்னு என்று ஒரு சின்ன ஊர். 1918 ஏப்ரல் 24 ராத்திரி தொடங்கி, மறுநாள் விடிவதற்குள், அதாவது கலிப்போலியின் மூன்றாம் நினைவு நாளன்று, ஆஸ்திரேலியப் படை அதை ஜெர்மானியரிடமிருந்து மீட்டது. சுமார் 1,200 பேர் அதற்காக உயிரை விட்டார்கள். ஊரில் ஒரு கட்டடமும் உருப்படியாக மிஞ்சவில்லை, பள்ளிக்கூடம் உட்பட. விக்டோரியாப் பிள்ளைகளின் காசில் அந்தப் பள்ளி திரும்ப எழும்பி 1927 ஏப்ரல் 25 அன்று திறக்கப்பட்டது. பெயரே விக்டோரியா பள்ளி. ஆஸ்திரேலியாவை மறக்காதே என்று அதன் விளையாட்டு முற்றத்தில் பெரிய எழுத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

கதை அங்கே முடியவில்லை. 2009 பிப்ரவரி 7, மெல்போர்னுக்கு வடகிழக்கே காட்டுத்தீ. மாநிலம் முழுவதும் அன்றைய தீயில் 173 பேர் செத்தார்கள். ஸ்ட்ராத்யூவன் என்ற மலைக்கிராமத்தின் தொடக்கப்பள்ளி எரிந்து சாம்பலானது. அதைத் திரும்பக் கட்ட வில்லேர் பிரெத்தொன்னு மக்கள் பணம் சேர்த்து அனுப்பினார்கள். எண்பது வருஷத்துக்கு முந்தைய மொய்யைத் திருப்பிச் செய்தது மாதிரி.

கேம்ப் எங்கிருந்து வந்தது?

கேம்ப்பை நான் சுற்றுலா கணக்கில்தான் வைத்திருந்தேன். அதன் வேரைப் பிடித்துக்கொண்டு போனால் அதுவும் போர்க்களத்தில்தான் போய் முடிகிறது.

தென்னாப்பிரிக்காவில் போயர் போர். 1899 அக்டோபரிலிருந்து 217 நாள் மாஃபெக்கிங் ஊர் முற்றுகையில் கிடந்தது. உள்ளே பிரிட்டிஷ் தளபதி பேடன் பவல். ஆள் பற்றாக்குறை. ஊர்ப் பையன்களுக்குச் சீருடை போட்டு, செய்தி கொண்டுபோகவும் காவல் பார்க்கவும் வைத்தார்கள். பேடன் பவலுக்கு அது மனதில் தங்கிவிட்டது. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவுக்கு இருபது சொச்சம் பையன்களைக் கூட்டிப்போய் ஒரு வாரம் கூடாரத்தில் தங்கவைத்தார். சாரணர் இயக்கம் அங்கேதான் ஆரம்பம். கூடாரம், தீமூட்டிச் சமையல், தடம் பார்த்து நடப்பது எல்லாம் படைவீரன் வேலைகள். அவர் அவற்றை விளையாட்டாக மாற்றினார்.

இரண்டாவது வேர் கூர்ட் ஹான். ஜெர்மன் யூதர், பள்ளி ஆசிரியர். ஹிட்லரை எதிர்த்துப் பேசிச் சிறைப்பட்டு 1933-ல் பிரிட்டனுக்கு வந்துசேர்ந்தவர். இரண்டாம் உலகப்போரில் கப்பல்கள் மூழ்கும்போது ஒரு விசித்திரத்தைக் கவனித்தார் லாரன்ஸ் ஹோல்ட் என்ற கப்பல் கம்பெனி முதலாளி. உயிர்காப்புப் படகில் வயதான மாலுமிகள் தாக்குப்பிடிக்கிறார்கள், உடம்பில் வலுவுள்ள இளைஞர்கள் சீக்கிரம் விட்டுவிடுகிறார்கள். குறை உடம்பில் இல்லை, மனசில். இருவரும் சேர்ந்து 1941-ல் வேல்ஸின் அபர்டோவியில் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளியைத் தொடங்கினார்கள். இன்றைக்குப் பள்ளி கேம்ப்புகளில் கயிற்றுப் பாலம், படகு, குழுவாகச் சவால் என்று பிள்ளைகள் செய்வதில் பாதி இந்த வழி வந்தது. ஆஸ்திரேலியாவுக்கு 1956-ல் வந்தது.

மூன்றாவது இந்த நாட்டுச் சட்டம். இளைஞர்கள் உடல் தகுதி இல்லாமல் இருக்கிறார்களே என்ற போர்க்காலக் கவலையில் 1941-ல் தேசிய உடற்தகுதிச் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்தத் திட்டத்தின் பணத்தில் கடலோரங்களிலும் காட்டு ஓரங்களிலும் சிறுவர் முகாம்கள் வந்தன.

இனி சோமர்ஸ். மகள் போகப்போகும் இடத்தின் வரலாற்றைப் படித்தபோது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். விக்டோரியா கவர்னராக இருந்த சோமர்ஸ் பிரபு 1929-ல் ஒரு முகாம் நடத்தினார். பெரிய பள்ளிகளில் படிக்கும் பையன்கள் பாதி, வேலைக்குப் போகும் பையன்கள் பாதி, எல்லாரும் ஒன்றாகத் தங்க வேண்டும். வர்க்கம் பார்த்துப் பழகிய காலத்தில் அது பெரிய விஷயம். சில வருஷத்தில் வெஸ்டர்ன் போர்ட் வளைகுடாக் கரையில் நிரந்தர இடம் அமைந்தது. இரண்டாம் உலகப்போர் வந்தது, இடம் விமானப்படையின் ஆரம்பப் பயிற்சி நிலையமானது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அங்கே பாடம் படித்துவிட்டு விமானம் ஏறப் போனார்கள். போர் முடிந்தது. 1949-லிருந்து அதே கொட்டகைகளில், ஐரோப்பாவில் வீடிழந்து வந்த குடியேறிகளின் மனைவிமார்களையும் குழந்தைகளையும் தங்கவைத்தார்கள். 1959-ல் கல்வித்துறை எடுத்துக்கொண்டு பள்ளி முகாமாக்கியது.

முதலில் சேர்ந்து தங்கப் பழகிய பையன்கள், பிறகு போருக்குக் கிளம்பிய பையன்கள், பிறகு போரில் எல்லாம் போய் வந்தவர்கள், இப்போது பத்து வயதுப் பிள்ளைகள். வேறு எந்த இடத்திலும் இந்த வரிசையை இவ்வளவு நேராக நான் பார்த்ததில்லை.

நம்ம பக்கம்

இதைப் படித்தபோது என் பழைய நினைவு வந்தது. ஈரோட்டுப் பக்கம் நான் படித்த பள்ளியில் என்.சி.சி. உண்டு. 1948 சட்டத்தில் வந்த அமைப்பு. சனிக்கிழமை பரேடு முடிந்தால் பூரி கிழங்கு; உண்மையைச் சொன்னால் அதற்குத்தான் சேர்ந்தேன். பத்து நாள் கேம்ப், கூடாரம், பெல்ட் பக்கிளுக்குப் பாலிஷ், பாயிண்ட் டூ டூ துப்பாக்கியில் சுட்டது, எல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட யாரும் எங்களை நிற்கவைத்து, இதற்கெல்லாம் போய் செத்தவர்கள் இவர்கள், அவர்கள் வீட்டில் இப்படி ஆனது என்று சொன்னதில்லை. எங்களுக்குக் கேம்ப் இருந்தது, அசெம்ப்ளி இல்லை. துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள், அதன் மறுமுனையைப் பற்றிப் பேசவில்லை. அதனால்தான் இந்த ஊர்ப் பள்ளி இரண்டையும் அடுத்தடுத்து வைப்பது முக்கியமாகப் படுகிறது, தெரிந்து வைத்தாலும் சரி, காலண்டர் வசதிக்காக வைத்தாலும் சரி.

சரி, மகளுக்கு என்ன கதை? என் அப்பத்தா என்னைத் திட்டுகிற வார்த்தைதான்.

"இவன் பெரிய எம்டனாட்ட இருக்கறானே!"

எம்டன் என்றால் கப்பல் என்று நிறையப் பேருக்குத் தெரியும். 1914 செப்டம்பர் 22 ராத்திரி இந்த ஜெர்மன் போர்க்கப்பல் மெட்ராஸ் துறைமுகத்துக்கு எதிரே வந்து சுமார் 130 குண்டுகள் போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. துறைமுகத்தில் நின்ற கப்பலில் குண்டு பட்டது, ஐந்து பேராவது செத்தார்கள். ஊர் காலியானது. எங்கிருந்தோ வந்து அடித்துவிட்டுக் கண்ணில் படாமல் போய்விட்டதால், கெட்டிக்கார ஆளுக்கெல்லாம் தமிழில் எம்டன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

எனக்கு அதுவரை தெரியாதது இதன் அடுத்த பாதி. 1914 நவம்பர் 1 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனியிலிருந்து முதல் ஆன்சாக் படை முப்பதுக்கும் மேற்பட்ட கப்பல்களில் கிளம்பியது. கலிப்போலியில் இறங்கப்போவது இவர்கள்தான். இந்துமாக் கடலில் எம்டன் திரிகிறதே என்று பயந்து கூடவே போர்க்கப்பல்கள் காவலுக்குப் போயின. நவம்பர் 9 காலை கோகோஸ் தீவிலிருந்து வயர்லெஸ்ஸில் அபாயச் செய்தி. காவலுக்குப் போனவற்றில் எச்.எம்.ஏ.எஸ். சிட்னி பிரிந்து போய் எம்டனை அடித்துக் கரையேற்றியது. நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்ட ஜெர்மானியரும் நான்கு ஆஸ்திரேலியரும் இறந்தார்கள். எம்டனின் பீரங்கி ஒன்று இன்றைக்கும் சிட்னி ஹைட் பார்க் மூலையில் இருக்கிறது.

ஆக, ஈரோட்டுக் கிழவியின் வாயில் இருந்த வார்த்தையும் இந்தப் பள்ளிப் பிள்ளைகள் நினைவுகூரும் படையும் ஒரே கடலில் சந்தித்திருக்கின்றன.

வெள்ளிக்கிழமை

அசெம்ப்ளிக்குப் பெற்றோரும் போகலாம். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் டிரம்பெட்டில் லாஸ்ட் போஸ்ட் வாசித்தான், நடுவில் ஒரு இடத்தில் தடுமாறினான். யாரும் சிரிக்கவில்லை. மெடல் வந்தது, கடிதம் வந்தது. துருக்கிக் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி, தன் வீட்டுப் பெரியவர் ஒருவர் அதே சண்டையில் எதிர்ப்பக்கத்தில் இறந்துபோனார் என்றாள். அதற்கும் அதே அளவு கைதட்டல்.

என் மகள் அப்பத்தா கதையைச் சொன்னாள். அப்பாவுக்கு எம்டன் என்று பட்டப்பெயர் என்றதும் கூட்டம் சிரித்தது. கடைசியில் நான் எழுதிக்கொடுக்காத ஒரு வரியை அவளாகச் சேர்த்தாள். மெட்ராஸில் செத்தவர்களுக்காகவும் இன்றைக்கு மௌனமாக நின்றதாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். ஹெட்மிஸ்ட்ரஸ் தலையாட்டினார்.

வெளியே வரும்போது அவள் தோழியின் அம்மாவைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். "உங்க மகள் ஒன்றும் பேசவில்லையா அக்கா?" என்றேன்.

"எங்கட வீட்டுக் கதைக்கு 1914 மட்டும் போகத் தேவையில்லைத் தம்பி. அது இன்னும் மெடலாகேல்ல. அவளுக்கு நானே இன்னும் முழுக்கச் சொல்லேல்ல" என்றார்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. நூறு வருஷம் பழைய துக்கத்துக்கு மைக் கொடுப்பது எந்தப் பள்ளிக்கும் எளிது. அந்த அக்காவின் மகள் என்றைக்காவது அங்கே ஏறிப் பேசும்போது கேட்க ஆள் இருக்க வேண்டும். இந்த மாதிரிக் காலைகள் பிள்ளைகளுக்கு அப்படிக் கேட்கும் பழக்கத்தையாவது கொடுத்தால் போதும் என்று தோன்றியது.

கேம்ப் முடிந்து

ஒரு வாரத்துக்கும் மேல் கழித்துச் சேறும் கொசுக்கடியுமாக வந்திறங்கினாள். ராத்திரி டார்ச் இல்லாமல் காட்டுக்குள் நடந்தார்களாம். ஒருத்தர் தோளில் ஒருத்தர் கை வைத்துக்கொண்டு, மெதுவாக நடக்கிறவரை முன்னால் விட்டு. அவர் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். ஹோல்ட் கவலைப்பட்ட படகு ஞாபகம் வந்தது எனக்கு.

"லெஃப்ட் ரைட் போடச் சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. பாத்திரம் கழுவச் சொன்னாங்க."

விமானப்படைக் கதையைச் சொன்னேன். நீ படுத்த மாதிரியே அந்த இடத்தில் அண்ணன்மார்கள் படுத்துவிட்டுப் போருக்குப் போனார்கள், நம்மைப் போல வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் படுத்திருந்தார்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "அவங்களுக்கும் பங்க் பெட்ல மேல் பெட்டுக்குச் சண்டை வந்திருக்குமா?" என்றாள். வந்திருக்கும் என்றேன்.

டிசம்பரில் ஊருக்கு வருகிறோம். எம்டன் குண்டு போட்டதைச் சொல்லும் கல்வெட்டு சென்னை உயர் நீதிமன்ற மதிலோரம் இருக்கிறது. வேலை தேடிய காலத்தில் அந்த வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன், ஒரு தடவையும் இறங்கிப் பார்த்ததில்லை. இந்தத் தடவை இறங்க வேண்டும் என்று அவளே சொல்லிவிட்டாள். ஒரு நிமிஷம் போதுமாம்.